சந்துப் பூனைகளும் ஒன்பது ஜப்பானியரும்



இந்த நாட்டின் பாட்டில் நம் பங்கு என்ன என்பதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய ஐயா ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "மலாய்ப் பாட்டுப் பாடிப் பேர் வாங்கியவர்களை நம் வரலாற்றில் எதற்குச் சேர்க்க வேண்டும்? அது அவர்கள் பிழைப்பு. தமிழுக்கு அதனால் என்ன லாபம்?" என்றார். பின்வரிசையிலிருந்து நல்ல கைத்தட்டல். யாரைச் சொல்கிறார் என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. அலிகேட்ஸ் குழுவைச் சொல்கிறார். பினாங்கின் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பியைச் சொல்கிறார்.

ஐயாவுக்குப் பதில் சொல்லத்தான் மேடையேறினேன். ஆனால் கோத்தா திங்கியிலிருந்து நேராகப் பினாங்குக்குப் பஸ் ஏறாமல், தோக்கியோவைச் சுற்றிக்கொண்டு போகப் போகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2021 ஆகஸ்ட் 8. கோவிட் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த நாள்கள். அன்று சைக்கிளோட்டத்தில் அசிசுல்ஹஸ்னி அவாங் நமக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்ததால் நாடே தொலைக்காட்சி முன் இருந்தது. இரவு தோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழா. பார்வையாளர் இல்லாத மைதானம். அதில் கோட்டு சூட்டு போட்ட ஜப்பானியர் சிலர் ஊதுகுழல்களோடு வந்து ஒரு ஆட்டம் போட்டார்கள் பாருங்கள்! எக்காளம், டிராம்போன், சாக்சபோன் எல்லாம் ஒன்றாகக் கிளம்ப, காலி மைதானத்தில் ஒரு கல்யாணக் களை வந்துவிட்டது. அவர்கள்தான் தோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்க்கெஸ்ட்ரா. ஒன்பது பேர் குழு. 1980-களில் தொடங்கியது. இன்றைக்கு முப்பத்தைந்து ஆண்டைத் தாண்டிவிட்டது.

ஜப்பான் என்றதும் இந்த அரங்கில் வயதானவர்களுக்கு வேறு நினைவு வரும் என்பது எனக்குத் தெரியும். ஜொகூர் ஆற்றங்கரையில் போருக்கு முன்பே ஜப்பானியர் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தார்கள். பிறகு படையாகவே வந்தார்கள். 1942, 43-இல் நம் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துப் போனார்கள். போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதை மறந்துவிட்டுப் பேசவில்லை. மறக்காமலே அவர்கள் பாட்டையும் கேட்கலாம் என்பது என் கட்சி.

சரி, ஸ்கா என்றால் என்ன? அது ஜப்பானிய இசையே கிடையாது. ஜமைக்கா தீவில் பிறந்தது. 1962-இல் அந்தத் தீவு சுதந்திரம் அடைந்த காலத்தில் தலைநகர் கிங்ஸ்டனின் தெருக்களில் கொட்டியது. அமெரிக்க வானொலியில் கேட்ட பாட்டை எடுத்து, தாளத்தை மட்டும் தங்கள் விருப்பத்துக்கு மாற்றினார்கள். எப்படி? இப்போது எல்லாரும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைதட்டுங்கள். தட்டுகிறீர்களா? ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது அல்லவா, அந்த இடைவெளியில் கித்தார் 'சக்' என்று வெட்டும். தட்டில் விழாது, தட்டு எழும் இடத்தில் விழும். கேட்பவன் காலைத் தரையில் ஊன்றுவதற்குள் அது தூக்கிவிடும். நம் உறுமி மேளக்காரத் தம்பிகளிடம் சொன்னால் ஒரு நிமிடத்தில் வாசித்துக் காட்டிவிடுவார்கள்.

அந்த ஊதுகுழல்காரர்கள் எங்கே படித்தார்கள் என்பதும் ஒரு கதை. கிங்ஸ்டனில் ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூல் என்று கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. ஏழைப் பையன்கள், அடங்காத பையன்கள், கேட்பாரற்ற பையன்கள். அவர்கள் கையில் ஒரு டிரம்பெட்டையோ டிராம்போனையோ கொடுத்தார்கள். டாமி மெக்கூக், டான் டிரம்மண்ட், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் நால்வரும் அந்தப் பள்ளியின் பிள்ளைகள். 1964-இல் இவர்களும் வேறு சிலரும் சேர்ந்து ஸ்கட்டலைட்ஸ் என்ற குழுவை அமைத்தார்கள். ஸ்கா என்றாலே அவர்கள்தான் என்று இன்றும் சொல்வார்கள். ஆனால் அந்தக் குழு எத்தனை நாள் நின்றது தெரியுமா? 1965-இலேயே உடைந்துவிட்டது. மறுபடி கூட 1983 வரை ஆனது. இசையைப் பெற்றவர்களாலேயே ஒன்றரை ஆண்டு சேர்ந்து நிற்க முடியவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழுவை ஆரம்பிப்பது சுலபம்; நடத்துவதுதான் பாடு. இங்கே உறுமி மேளக் குழு வைத்திருக்கும் அண்ணன்மார் தலையை ஆட்டுகிறீர்கள், பார்க்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த இசையைப் பெற்றவர்கள் கறுப்பின மக்கள். ஆனால் அதைப் பதிவு செய்து இசைத்தட்டாக விற்றவர்களில் கடை வைத்திருந்த சீனர்கள் உண்டு. 1962-இல் பாப் மார்லியின் முதல் பாட்டைப் பதிவு செய்த லெஸ்லி காங் சீன வம்சாவளி. இந்தியர்களும் அங்கே உண்டு. 1845 முதல் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் பேரப் பிள்ளைகள். தோட்டம், துறைமுகம், மூன்று நான்கு இனம். கேட்ட கதை மாதிரி இல்லை?

ஜமைக்காவிலிருந்து அந்தத் தாளம் லண்டனுக்குப் போனது. 1964-இல் மில்லி ஸ்மால் என்ற சின்னப் பெண் பாடிய 'மை பாய் லாலிபாப்' உலகமெல்லாம் ஓடியது. 1979-இல் கொவென்ட்ரி நகரத்து இளைஞர்கள், கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து, அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். ஜப்பானில் சாதாரண வீடுகளுக்குள் அது நுழைந்தது எப்படி என்றால், என் தொழில் வழியாக! 1981-இல் ஹோண்டா சிட்டி காருக்கு ஒரு தொலைக்காட்சி விளம்பரம். மேட்னஸ் என்ற ஆங்கில ஸ்கா குழு அதில் ஆடிப் பாடியது. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்த எனக்கு விளம்பரத்தைத் திட்டுவதற்கு நிறையக் காரணம் உண்டு. ஆனால் முப்பது விநாடி விளம்பரம் ஒரு தலைமுறையின் காதைத் திறந்ததும் நடந்திருக்கிறது.

அந்தத் தலைமுறைதான் தோக்கியோ ஸ்கா. 1989-இல் முதல் இசைத்தட்டு, 1990-இல் பெரிய நிறுவனத்தில் முதல் ஆல்பம். பெரும்பாலும் வார்த்தையே இல்லாத இசை. ஊதுகுழல்தான் பாடும். இடையிடையே பேச்சும் பாட்டுமாகக் கூட்டத்தைக் கிளப்பியவர் கிளீன்ஹெட் கிமுரா. குழுவை ஆரம்பித்த தாளக்காரர் ஆசா-சாங் 1993-இல் விலகினார். 1995-இல் கிமுரா இறந்தார். 1999-இல் டிரம்ஸ் வாசித்த ஆவோகி தத்சுயுகி இறந்தார். ஆரம்பித்தவர் இல்லை, குரல் இல்லை, தாளமும் போய்விட்டது. வேறு குழுவாக இருந்தால் கடைசிக் கச்சேரி ஒன்று வைத்து, நன்றி சொல்லி, கலைந்திருக்கும்.

இவர்கள் என்ன செய்தார்கள்? டிரம்ஸ் இருக்கையில் மோதெகி கினிச்சி வந்து உட்கார்ந்தார். அவர் ஃபிஷ்மேன்ஸ் என்ற வேறொரு குழுவின் டிரம்ஸ்காரர். அந்தக் குழுவின் பாடகர் சாத்தோ ஷின்ஜியும் அதே 1999-இல் இறந்திருந்தார். பாடகரை இழந்த டிரம்ஸ்காரர், டிரம்ஸ்காரரை இழந்த குழுவில் சேர்ந்தார். இதைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

அடுத்து, பாட்டு. ஊதுகுழல் குழுவாகவே இருந்தவர்கள், 2001-இல் வெளியிலிருந்து பாடகர்களை அழைத்தார்கள். பெரிய சாக்சபோன் வாசிக்கும் யனாகா அத்சுஷி வரிகள் எழுதினார். முதலில் தஜிமா தகாவோ பாடிய 'மெகுரெத்தா ஓரெஞ்சி'. அதே ஆண்டு சிபா யூசுகே பாடிய 'கனாரியா நாகு சோரா', அதாவது கேனரிக் குருவி கத்தும் வானம். 2002-இல் ஒகுதா தமியோ பாடிய 'உத்சுகுஷிகு மொயேரு மோரி', அழகாக எரியும் காடு. மூவரும் மூன்று விதம். தஜிமாவின் குரலில் வெண்ணெய் உருகும். சிபா, தொண்டையில் கண்ணாடித் தூள் வைத்துப் பாடுகிற ராக்கர். ஒகுதா, வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு பாடுவது போல் பாடுவார். இந்த மூன்று பாட்டோடுதான் ஸ்கா என்ற சொல்லே தெரியாத ஜப்பானியரிடமும் குழு போய்ச் சேர்ந்தது. என்னைக் கேட்டால் மூன்றில் 'கனாரியா'தான் முதலிடம். சிபா 2023-இல் காலமானார். அந்தப் பாட்டை இப்போது கேட்டால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது.

தங்கள் குரல் போனபோது, பாட்டை அடுத்தவர் வாயில் கொடுத்தார்கள். குழு பிழைத்தது. 2020-இல் 'கமென் ரைடர்' தொடரின் முகப்புப் பாட்டும் அவர்களுடையது, வேறொரு பாடகர் பாடியது. ஜப்பானியச் சிறுவர்கள் சனி ஞாயிறில் பார்க்கிற முகமூடி வீரன் கதை அது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஜமைக்காக்காரன் தாளத்தை எடுத்து வாசிக்கிறவர்களை ஒலிம்பிக் நிறைவு விழாவில், உலகமே பார்க்கையில், 'இதோ எங்கள் தோக்கியோ' என்று ஜப்பான் நிறுத்துகிறது.

இப்போது பினாங்குக்கு வருகிறேன் ஐயா.

பினாங்கு எப்படிப்பட்ட ஊர்? பாட்டு கப்பலில் வந்து இறங்கிய ஊர். போரியா என்ற கூட்டுப் பாட்டு மதராஸ் படை வீரர்களோடு வந்தது என்று சொல்வார்கள். 1880-களில் மாமாக் புஷி என்பவர் அங்கே பங்சாவான் நாடகக் குழு நடத்தினார். மலாய் மேடைக்கே அது ஒரு தொடக்கம். பி. ரம்லி பிறந்ததும் பினாங்கில்தான், 1929-இல். அவர் முதன்முதலில் கதாநாயகனாக நடித்து, தன் சொந்தக் குரலில் பாடிய படம் 'பக்தி', 1950. தலைப்பைப் பார்த்தீர்களா, நம் சொல்! அதை இயக்கியவர் மதராசில் பிறந்த எல். கிருஷ்ணன். மலாய் சினிமாவின் தலைவாசலிலேயே நம்மவர் நின்றிருக்கிறார். ரப்பர் மரம், ரயில் தண்டவாளம், சாலை என்று நாம் சிந்திய வியர்வையின் கணக்கைச் சொல்லும்போது இதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம் என்பது எனக்குப் புரிவதில்லை.

பினாங்கு 1969 வரை வரியில்லாத் துறைமுகம். கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கென்று ஒரு வானொலியே நடந்தது. வியட்னாம் போரிலிருந்து ஓய்வுக்கு வந்த அமெரிக்க வீரர்களும் அந்தக் கடற்கரையில் திரிந்தார்கள். விருந்தாளி என்ன கேட்கிறானோ அதை வாசிக்கத் தெரிந்த பையனுக்கு அங்கே வேலை உண்டு. அந்தச் சூழ்நிலையில், 1960-களின் கடைசியில், டேவிட்டும் தம்பி லோகாவும் நண்பர்களோடு குழு அமைத்தார்கள். அலிகேட்ஸ் என்றால் சந்துப் பூனைகள். இரவில் திரிவது, தகரக் கூரையில் கத்துவது, யார் வீட்டுக்கும் சொந்தமில்லாதது. பெயர் வைத்தபோது இதையெல்லாம் யோசித்திருப்பார்களா தெரியாது, பொருத்தமான பெயர்.

தலையில் கூடை கவிழ்த்தது போல் சுருட்டை முடி. அதை வளர்த்ததால் வீட்டில் என்ன திட்டு வாங்கியிருப்பார்கள் என்று நம்மால் ஊகிக்க முடியும். ஆங்கிலப் பாட்டுப் பாடி ஊர் ஊராக வாசித்து, ஹாங்காங் போய், அங்கே இரவு விடுதிகளில் சில ஆண்டுகள் பாடினார்கள். அந்த வாழ்க்கையைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். ஒரே மேடையில் இரவு இரவாக, யார் கேட்கிறார்கள் கேட்கவில்லை என்று பாராமல், குடித்துக்கொண்டிருப்பவன் முன்னால் பாட வேண்டும். குழு இறுகுவதும் சிதறுவதும் அங்கேதான் முடிவாகும். இவர்கள் இறுகி வந்தார்கள்.

1979-இல் முதல் மலாய் ஆல்பம் வந்தது. 'தெரிமா காசே', நன்றி என்று பெயர். கொவென்ட்ரியில் ஸ்கா மறுபிறவி எடுத்த அதே ஆண்டு என்பது சும்மா ஒரு தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.

ஏன் மலாய்? ஐயா கேட்ட கேள்வியின் உள்ளே இருப்பது இதுதான். நாடு மாறிக்கொண்டிருந்தது. 1967-இல் தேசிய மொழிச் சட்டம். 1971-இல் தேசியக் கலாசாரக் கொள்கை. ஆங்கிலப் பாட்டை நம்பிக் குழு நடத்த முடியாத காலம் வந்துகொண்டிருந்தது. 1978-இன் கடைசியில் ஆர்டிஎம் தொலைக்காட்சி வண்ணத்துக்கு மாறியது. பளபளக்கும் சட்டையும் அந்தத் தலைமுடியும் வண்ணத்துக்கென்றே பிறந்தவை. தொலைக்காட்சி ஆள் என்பதால் இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள், கறுப்பு வெள்ளையில் அவர்களைக் கற்பனை செய்து பாருங்கள், பாதிதான் தெரியும். அந்த நேரத்தில் மலாய்ப் பாட்டு உலகத்தில் குழுக்களின் காலம். பிளாக் டாக் போன், ஸ்வீட் சாரிட்டி, கேர்ஃப்ரீ என்று வரிசையாக வந்தன. அலிகேட்ஸும் அந்த அலையில் ஏறினார்கள். மற்றவர்களில் பலர் கலைந்த பிறகும் இவர்கள் கலையவில்லை.

அதற்கு ஒரு காரணத்தை ஜப்பானியர்களிடமிருந்து எடுத்துக் காட்டத்தான் இவ்வளவு சுற்றினேன். தோக்கியோக்காரர்கள் தங்கள் பாட்டை அடுத்தவர் குரலில் கொடுத்தார்கள். பினாங்குக்காரர்கள் தங்கள் குரலை அடுத்தவர் பாட்டுக்குக் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிர் பின்னாளில் மலாய் இசைக்கே பெரிய தலையாக ஆனவர். இளவயதில் அவர் அலிகேட்ஸுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தார். மலாய்க் கவிஞர்கள் வரி எழுதினார்கள். அந்தக் காதலையும் பிரிவையும் ஆறுமுகத்தின் பிள்ளைகள் பாடினார்கள். மலாய் இளைஞன் தன் காதலிக்குக் கடிதம் எழுதும்போது அந்தக் குரல்தான் பின்னால் ஓடியது. 'செனியும்லா கோலாலம்பூர்', கோலாலம்பூரே புன்னகை செய் என்று தலைநகரத்தையே சிரிக்கச் சொன்ன பாட்டு இவர்களுடையது. ஒரு நாட்டின் தலைநகருக்கு ஒரு பாட்டு நிலைத்து, அதைப் பாடியது பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் என்றால், இதற்கு மேல் என்ன 'பங்கு' வேண்டும்?

நம் கோத்தா திங்கிக்கு வருவோம். சுற்றிலும் ஆயர் தாவார், லோக் ஹெங் என்று ஃபெல்டா குடியேற்றங்கள். நடுநடுவே நம் தோட்டங்கள். இந்த ஊரில் நான் வளர்ந்தபோது வானொலியைத் திருப்பினால் ஒரு பக்கம் நம் நாட்டுத் தமிழ் ஒலிபரப்பு, இன்னொரு பக்கம் சிங்கப்பூரின் ஒலி 96.8. பாசார் மாலாமில் கேசட் கடை. மேல் வரிசையில் இளையராஜா, ரகுமான். கீழ் வரிசையில் மலாய்க் கேசட்டுகள். அலிகேட்ஸ் எந்த வரிசை? கீழ் வரிசைதான். கடைக்காரரும் தமிழர், பாடியவரும் தமிழர், வரிசை மட்டும் வேறு. கடைக்காரர் மொழி பார்த்து அடுக்கினார், அதில் தப்பில்லை. ஆனால் நாமும் மனத்துக்குள் அப்படியே அடுக்கிவிட்டோம்.

கல்யாண டேவானில் என்ன நடக்கிறது? மாப்பிள்ளை பெண் மேடைக்கு வரும்வரை தமிழ்ப் பாட்டு. சாப்பாடு ஆனதும் கரோக்கே. மாமா ஒருவர் மைக்கைப் பிடிப்பார். முதலில் டி.எம்.எஸ். இரண்டாவது பாட்டு? சொல்லுங்கள் பார்க்கலாம். கையை உயர்த்துகிறீர்களே… ஆமாம், 'ஹிங்கா ஆகிர் நந்தி'! கடைசி வரைக்கும் என்று பொருள். மாமாவுடன் எண்ணெய்ப் பனை ஆலையில் வேலை செய்த மலாய் நண்பர் மேசையிலிருந்து எழுந்து வந்து கூடச் சேர்ந்து பாடுவார். இருவருக்கும் வரி முழுக்க மனப்பாடம். எத்தனை ஒற்றுமை முகாம் நடத்தினாலும் இதை உண்டாக்க முடியாது. அலட்சியமாக மறந்துபோகக்கூடிய விஷயமா இது?

ஐயாவின் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழுக்கு என்ன லாபம்? நாடறிய அவர்கள் பெயர் பெற்றது மலாய்ப் பாட்டால்தான். அந்தக் காலத்தில் உள்ளூர்த் தமிழ்ப் பாட்டுக்குச் சந்தை எங்கே இருந்தது? சென்னையிலிருந்து சினிமாப் பாட்டு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நம் வானொலியில் உள்ளூர்ப் பாடகருக்குக் கிடைத்தது ஓரத்து இடம். அந்தச் சுவரில் பெரிய ஓட்டை விழுந்தது 2006-இல், யோகி பியும் நட்சத்திராவும் 'வல்லவன்' ஆல்பத்தோடு கிளம்பியபோது. மலேசியத் தமிழ் ராப்பைத் தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. 1979-இல் அந்த வழி இல்லை. குழுவாக நின்று பிழைக்க வேண்டிய பினாங்குப் பையன்களைப் பார்த்து 'ஏன் தமிழில் பாடவில்லை' என்று கேட்கும் நாம், 'அன்றைக்குத் தமிழில் பாடியிருந்தால் நாம் வாங்கியிருப்போமா' என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சினிமாப் பாட்டு இல்லாத தமிழ்க் கேசட் எத்தனை வீட்டில் இருந்தது? இந்த அரங்கிலேயே கேட்டால் விரல் விட்டு எண்ணலாம்.

மொழி என்பது பாடுகிறவனுக்கு வேலைக்காரச் சட்டை மட்டும் இல்லை. அந்த அண்ணன் தம்பி மலாயை இரவல் மொழியாகப் பாடவில்லை. பினாங்குச் சந்துகளில் சீனப் பையனோடும் மலாய்ப் பையனோடும் சண்டை போட்டு, சமாதானம் ஆகி, வளர்ந்த பிள்ளைகளின் மலாய் அது. உச்சரிப்பில் ஓர் இழுப்பு உண்டு. அதுதான் அந்தப் பாட்டின் ருசி. அதைத் துடைத்துவிட்டு வேறு யாராவது பாடினால், சம்பல் இல்லாத நாசி லெமாக்.

2007 ஜூன் 4. லோகா காலமானார். நுரையீரல் புற்றுநோய். அவர்களுடைய பாட்டு ஒன்றுக்குத் தலைப்பே 'அண்டாய்ஞா அக்கு பெர்கி டூலு'. ஒருவேளை நான் முதலில் போய்விட்டால் என்று அர்த்தம். எழுதியபோது அது ஒரு காதல் பாட்டுதான். 2007-க்குப் பிறகு அதைக் காதல் பாட்டாக மட்டும் கேட்க என்னால் முடியவில்லை.

தோக்கியோவில் டிரம்ஸ் இருக்கை காலியானபோது இன்னொருவர் வந்து உட்கார்ந்தார். தம்பியின் இடத்தில் யாரை உட்கார வைப்பது? இரண்டு குரல், இரண்டு சுருட்டைத் தலை, அது ஒரு ஜோடி. டேவிட் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் குழுவைக் கலைக்கவில்லை. அலிகேட்ஸ் என்ற அதே பெயரில், ஆண்டு விருந்துகளிலும் பெரிய மேடைகளிலும் பாடிக்கொண்டே இருந்தார். டத்தோ டேவிட் ஆறுமுகம் பாட்டைத் தொடங்கினால் மிச்சத்தை அரங்கம் பாடிவிடும். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும். தம்பி பாடிய இடத்தைக் கூட்டம் எடுத்துக்கொள்ளும். ஜப்பானியர் வெளியிலிருந்து பாடகரை அழைத்தார்கள் என்றேன் அல்லவா, இங்கே ஊரே வந்து பாடிவிட்டது.

இந்தக் கதையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். தோக்கியோக்காரர்களைப் பற்றி எந்த ஆண்டு யார் சேர்ந்தார், யார் விலகினார், எந்தப் பாட்டுக்கு வரி யார் என்று எல்லாம் பதிவாகி இருக்கிறது. இங்கிருந்தே என்னால் படித்துச் சொல்ல முடிகிறது. நம் நாட்டில்? டேவிட், லோகா என்ற இரண்டு பெயரைத் தாண்டி, பின்னால் நின்று வாசித்தவர்கள் பெயரைச் சொல்லச் சொன்னால் திணறுகிறோம். மலாய்ப் பாட்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் அவர்களை மலாய்ப் பாட்டுக்காரர்களாக எழுதுவார்கள், அது சரிதான். பினாங்கில் எந்த வீட்டிலிருந்து வந்தார்கள், எந்தக் கோயில் திருவிழாவில் மேளம் கேட்டு வளர்ந்தார்கள், அப்பா அம்மா என்ன சொன்னார்கள் என்பதைக் கேட்டு எழுத வேண்டியவர்கள் நாம். அவர்களைப் போல இன்னும் பலர் இருப்பார்கள். தோட்டத்து கூத்து மேடையில் கித்தார் வாசித்தவர்கள், ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் விடுதிகளில் டிரம்ஸ் அடித்தவர்கள். இன்று எழுபது வயதைத் தாண்டியிருப்பார்கள். இந்த அரங்கத்திலேயே ஓரிருவர் இருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

வீட்டில் பழைய கேசட் இருந்தால் வீசிவிடாதீர்கள். டேப் அறுந்திருக்கும், பூஞ்சை பிடித்திருக்கும், போகட்டும். உறையின் உள்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். பொடி எழுத்தில் மெட்டமைத்தவர், வரி எழுதியவர், கித்தார், பேஸ், டிரம்ஸ் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பேத்தியைக் கூப்பிட்டு எழுதச் சொன்னாலும் சரி.